ஒரே கையில் இரு நடுக்கங்கள்: மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் சிகிச்சை

முதுமை வந்தால் கை நடுங்கும் என்பது நாட்டில் பரவலாக நிலவும் எண்ணமாகும். உரிய சிகிச்சை உரிய காலத்தில் பலருக்குக் கிட்டாமற் போவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணம். நடுக்கம் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்கும் பொதுவானதோர் அறிகுறியேயாகும். மேலும், ஒரே மனிதரிடம், சில வேளைகளில் ஒரே கையிலேயே, வெவ்வேறு காரணங்களால் எழும் இரு நடுக்கங்கள் ஒருங்கே அமைந்திருத்தலும் உண்டு. மருந்துகளுக்கு அடங்காத நடுக்கத்தை மூளையினுள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தித் தணிக்கும் முறை இன்று நம் நாட்டிலும் வழக்கத்திலிருக்கிறது. எனினும் அக்கம்பியை மூளையின் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது, எந்த நடுக்கம் எந்த நோயைச் சார்ந்தது என்று தெளிந்த பின்னரே முடிவு செய்யத்தக்கது. இத்தெளிவுக்கு மருத்துவ நிபுணர் மட்டுமின்றி, நோயாளியை நாள்தோறும் காணும் களப் பணியாளரும் ஆசிரியரும் பெரிதும் துணை செய்ய இயலும்.

சங்கீத ஆசிரியர் ஒருவரின் கை

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை, முன்னாளில் கொச்சி அரச குடும்பத்தினர் வாழ்ந்த ஊர். பூர்ணத்ரயீசர் கோயிலும், ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரியும், அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. இத்தகைய ஊரில் வாழும் ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். இவர் கற்பனையாகப் படைத்துக்கொண்ட ஒருவரே. ஆயினும் இவருக்கு நேர்வதாகக் கூறப்படும் யாவும் நரம்பியல் மருத்துவர்கள் அன்றாடம் காண்பவையே.

முப்பத்தைந்தாம் வயதிலேயே காப்பிக் கோப்பையை உதட்டருகே கொண்டுசெல்லும்போது அவருடைய இரு கைகளும் நடுங்கின. தந்தைக்கும் அத்தகைய நடுக்கம் இருந்தமையால் வீட்டார் அதனைப் பரம்பரைச் சொத்தென்றே கொண்டனர். கையை மடியில் வைத்தால் நடுக்கம் நின்றுவிடும். வில்லை எடுத்தால் மீண்டும் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சிறிது சிறிதாக மிகுந்ததேயன்றி வேறு தொல்லை எதுவும் இல்லை.

அறுபத்திரண்டாம் வயதில் புதியதொரு மாற்றம் தலைகாட்டிற்று. செய்தித்தாள் படித்தவாறு அமர்ந்திருக்கையில், மடிமீது ஓய்ந்து கிடந்த வலக் கை மட்டும் தானாகவே ஆடத் தொடங்கியது. பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரையை உருட்டுவனபோல ஒன்றோடொன்று உரசின. சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆயிற்று. நடக்கும்போது வலக் கை வீசாமல் உடலோடு ஒட்டி நின்றது. வீட்டாரோ, “பழைய நடுக்கந்தான், வயதாகிவிட்டதால் கூடியிருக்கிறது” என்று வாளாவிருந்தனர். இங்கேதான் பிழை நேர்கிறது. முதலாவது நடுக்கம் இன்றியமையா நடுக்கம் என்றும் பரம்பரை நடுக்கம் என்றும் நூல்களில் வழங்குவது. இரண்டாவது பார்க்கின்சன் நோய். பழையது புதியதை மறைத்துவிட்டமையால், சிகிச்சை தொடங்க வேண்டிய ஆண்டுகள் சில வீணாகக் கழிந்துபோகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமை

பரம்பரை நடுக்கம் பொதுவாக இரு கைகளிலும் தோன்றுவது, செயலின்போது மிகுவது, தலையையும் குரலையும் பற்றக்கூடியது. பார்க்கின்சன் நோயின் நடுக்கமோ பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்குகிறது. ஓய்வின்போது மிகுந்து, அசைத்தால் குறைகிறது. அதன் வேகம் வினாடிக்கு 4 முதல் 6 அசைவுகள். அதனோடு அசைவில் மந்தமும் தசைகளில் விறைப்பும் சேர்ந்து வருவதே இந்நோயின் சிறப்பு அடையாளம். இந்நோயை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக விவரித்தார். அவர் பெயரே பின்னர் நோய்க்கு ஆயிற்று.

மூன்றாவதாக டிஸ்டோனியா எனப்படும் தசை முறுக்கம் ஒன்றுண்டு. இதில் எதிரெதிராக இயங்க வேண்டிய தசைகள் ஒரே சமயத்தில் இறுகுவதால், கழுத்து ஒருபுறம் திரும்பி நிற்கும்; பாதம் உட்புறமாக வளையும்; எழுத எடுத்த பேனாவை விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முறுக்கத்தோடு நடுக்கமும் சேர்ந்தே வருதல் உண்டு. பார்க்கின்சன் நோயுற்றோருக்கும், அதிலும் இளவயதில் அந்நோய்க்கு ஆளானோருக்கு, கால் விரல்களில் இம்முறுக்கம் காணப்படுகிறது. ஆகவே ஒரு நோயாளியைக் கண்டவுடன், “இவருக்குள்ளது இந்த நோய் ஒன்றே” என்று முடிவு கட்டுதல் தகாது.

டோபமினும் பூனைக்காலி விதையும்

மூளையின் நடுப்பகுதியில் கருநிறமுள்ள உயிரணுக்களின் கூட்டம் ஒன்று உள்ளது. டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரந்து, இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் பகுதிகளுக்கு அனுப்புவது இதன் தொழில். இவ்வணுக்கள் அழிவதால் டோபமின் குறைந்து பார்க்கின்சன் நோய் தோன்றுகிறது. டோபமினை அப்படியே உட்கொண்டால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. ஆதலின் மூளையினுள் சென்று டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் பொருள் மருந்தாகத் தரப்படுகிறது. 1960-களில் நிலைபெற்ற இம்மருந்தே இன்றளவும் இந்நோய்க்குத் தலையாய மருந்தாக விளங்குகிறது.

இப்பொருளின் வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் உயிர் இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் 1937-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்துக் காட்டினர். அது பார்க்கின்சன் நோய்க்குப் பயன்படும் என்பது அந்நாளில் எவருக்கும் தெரியாது. ஆயுர்வேதத்தில் கம்பவாதம் எனப்படும் நிலைக்குப் பூனைக்காலி நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. மலையாள நாட்டில் இதனை நாய்க்குரணை என்பர். இவ்விதைப் பொடியை உண்போர், மாத்திரையையும் சேர்த்து உண்ணும்போது மொத்த அளவு மிகுந்துவிடக்கூடும். எனவே அச்செய்தியை நரம்பியல் மருத்துவரிடம் மறையாது கூறுதல் அவசியம்.

சில ஆண்டுகள் சென்றபின் லெவோடோபாவின் பயன் வேளைக்கு வேளை ஏறி இறங்கத் தொடங்குகிறது. மருந்தின் வேகம் மிகும்போது உடல் தன்வயமின்றி நெளிகிறது. வேகம் தணியும்போது கட்டுண்டதுபோல் நின்றுவிடுகிறது. பரம்பரை நடுக்கமோ லெவோடோபாவுக்கு இணங்குவதில்லை. பிரொப்ரனலால், பிரிமிடோன் ஆகியவை அதற்குரிய மருந்துகள். அவையும் எல்லோருக்கும் பயன்படுவதில்லை. இத்தகைய கட்டத்தில்தான் மின்தூண்டல் சிகிச்சை கருதப்படுகிறது.

அழித்தலிலிருந்து தூண்டலுக்கு

மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியைப் பிழையின்றி அடைவதற்கு உதவும் அளவுச் சட்டத்தை மனிதருக்கு முதன்முதலாகப் பயன்படுத்தியவர்கள் பிலடெல்பியா நகரின் ஸ்பீகல், வைசிஸ் என்போர். ஆண்டு 1947. தலையில் பொருத்திய சட்டத்தின் துணையால் நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளையும் கணித்து, மெல்லிய ஊசியைக் குறித்த இடத்துக்குச் செலுத்துவதே இம்முறை. அவ்விடத்திலுள்ள சிறு பகுதியை அழித்துவிட்டால் நடுக்கம் நின்றது.

சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி, அவருடன் பணியாற்றிய டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் 1960-களில் இத்துறையில் சென்னைக்கு உலகப் புகழ் தேடித் தந்தனர். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரான டாக்டர் கனகா, மூளையினுள் மின்முனைகளை நிலையாகப் பதித்துத் தூண்டும் முயற்சியை 1970-களிலேயே மேற்கொண்ட முன்னோடியாவார்.

அழித்த பகுதியை மீட்க வழியில்லை. இருபுறமும் அழித்தால் பேச்சுக் குழறும் அபாயமும் உண்டு. பிரான்ஸின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனபித் என்னும் நிபுணர், அழிக்கவேண்டிய இடம் சரியானதா என்று அறிய மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்பது வழக்கம். வினாடிக்கு நூறு துடிப்புகளுக்கு மேல் வேகமாகத் தூண்டியபோது நடுக்கம் நின்றதையும், தூண்டலை நிறுத்தியவுடன் மீண்டதையும் அவர் கண்டார். அழித்தலால் விளையும் பயனை அழிக்காமலே பெறலாம் என்பது இதனால் புலனாயிற்று. ஒருபுறம் ஏற்கனவே அழிப்புச் சிகிச்சை பெற்றோருக்கு மறுபுறம் நிலையான மின்முனையைப் பதித்து, அதன் பயனை அவரும் அவர் குழுவினரும் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அமெரிக்காவில் மாலன் டிலாங் குழுவினர், பார்க்கின்சன் நோய் போன்ற நிலைக்குள்ளாக்கிய குரங்குகளின் மூளையில் கீழ்த்தாலமஸ் கரு என்னும் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் அவற்றின் இயக்கம் சீர்ப்படுவதை 1990-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். 1993-ஆம் ஆண்டில் கிரனோபிள் குழுவினர் அக்கருவிலேயே மின்முனையைப் பதித்தனர். பெனபித், டிலாங் இருவருக்கும் 2014-ஆம் ஆண்டில் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

கருவியின் அமைப்பு

இக்கருவி மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது மின்முனைக் கம்பி. இதன் பருமன் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். நுனியில் வழக்கமாக நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தொடுபுள்ளிகள் அமைந்திருக்கும். இரண்டாவது, தோலுக்கு அடியில் தலையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் இணைப்புக் கம்பி. மூன்றாவது, காறை எலும்புக்குக் கீழே மார்புத் தோலினுள் வைக்கப்படும் துடிப்பாக்கி. மின்கலமும் இதனுள்ளேயே இருக்கிறது. இது வினாடிக்குச் சுமார் 130 மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் நீடிப்பது ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் அறுபது பங்கு அளவே. நோயாளிக்கு இதனால் எவ்வித அதிர்ச்சியும் தோன்றுவதில்லை.

கம்பியைச் செலுத்தும்போது பல மருத்துவமனைகளில் நோயாளி விழித்த நிலையிலேயே இருக்கிறார். தோலும் அதன் அடியும் மட்டுமே மரத்துப்போகச் செய்யப்படுகின்றன. மூளைக்குத் தனக்கென வலியுணர்ச்சி இல்லை. மருத்துவர் கேட்கும்போது அவர் கையை நீட்டுகிறார், பேசுகிறார். மின்சாரம் பாயும் கணத்தில் நடுக்கம் அடங்குவதையும், பேச்சில் குழறல் தோன்றாதிருப்பதையும் அங்கேயே கண்டறிந்து இடத்தை உறுதி செய்கின்றனர். எந்தத் தொடுபுள்ளி வழியாக எவ்வளவு மின்சாரம் பாய வேண்டும் என்பதைப் பின்னர், வெளியிலிருந்தே ஒரு சிறு கருவியால் படிப்படியாகச் சீர்செய்கின்றனர். இச்சீரமைப்புக்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

எந்த இடத்தைத் தேர்வது?

நோய் ஒன்றாயின் விடை ஓரளவு எளிது. பரம்பரை நடுக்கத்துக்குத் தாலமஸின் ஒரு குறிப்பிட்ட பகுதி ஏற்றது. பார்க்கின்சன் நோய்க்குக் கொண்டைக்கடலை அளவேயான கீழ்த்தாலமஸ் கருவோ, வெளிர்க்கோளம் எனப்படும் பகுதியின் உட்புறமோ தேர்ந்துகொள்ளப்படும். தசை முறுக்கத்துக்குப் பெரும்பாலும் வெளிர்க்கோளத்தின் உட்புறமே இலக்கு.

இரு நோய்கள் ஒருங்கே உள்ளவரிடம் இது சிக்கலாகிறது. திருப்பூணித்துறை ஆசிரியருக்குப் பரம்பரை நடுக்கம் மட்டுமே உள்ளதாக எண்ணித் தாலமஸில் கம்பியைப் பதித்துவிட்டால் என்னாகும்? வில் பிடிக்கும் கையின் நடுக்கம் நிற்கும். மடியில் கிடக்கும் கையின் நடுக்கமும் நிற்கும். கண்டோர் வியப்பர். ஆனால் பொத்தான் போடுவதிலுள்ள மந்தமும், உடல் விறைப்பும், நடையின் தளர்வும் இருந்தபடியே இருக்கும். ஆண்டுதோறும் மிகவும் செய்யும். ஏனெனில் தாலமஸின் அப்பகுதி நடுக்கத்தை அடக்குமேயன்றி மந்தத்தையும் விறைப்பையும் நீக்காது. கை ஓய்ந்தும் மனிதர் இயங்க இயலாது போவார்.

கீழ்த்தாலமஸ் கருவைத் தேர்ந்தால் மந்தம், விறைப்பு, நடுக்கம் ஆகிய மூன்றும் குறையும்; மருந்தின் அளவையும் குறைக்கலாம். ஆயினும் செயலின்போது எழும் பழைய நடுக்கம் முற்றிலும் அடங்காதிருத்தல் கூடும். ஆகவே சில நிபுணர்கள், கருவின் பின்புறத்தில் தாலமஸை நோக்கிச் செல்லும் நரம்பிழைகளையும் அதே கம்பியின் ஒரு தொடுபுள்ளி எட்டுமாறு பாதையை அமைக்கின்றனர். இருவகை நடுக்கத்தையும் அவ்விழைப் பகுதி அடக்கவல்லது என்று அறியப்பட்டுள்ளது. வேறு சிலருக்கு ஒரே பக்கத்தில் இரு கம்பிகள் பதிக்க நேர்ந்ததும் உண்டு. மின்சாரத்தை ஒரு பக்கமாகவே திருப்பிவிடக்கூடிய புதிய வகை மின்முனைகளும் இப்பணிக்கு உதவுகின்றன. பார்க்கின்சன் நோயோடு தசை முறுக்கமும், நினைவுக் குறைவு அல்லது மனச்சோர்வின் சாயலும் உள்ளவருக்கு வெளிர்க்கோளமே ஏற்றதெனக் கருதப்படலாம். நடுக்கம் வினாடிகளில் அடங்கும். முறுக்கம் தளர்வதற்கோ பல வாரங்கள் அல்லது மாதங்கள் செல்லும். இதனை முன்கூட்டியே அறியாத குடும்பத்தினர், சிகிச்சை பயனற்றுப் போயிற்றென்று மனமுடைவதுண்டு.

ஆகையால் இலக்கைத் தேர்வதற்கு முன் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, “உம்முடைய நாளைக் கெடுப்பது எது?” என்பதே. உணவுண்ண இயலாமையா, எழுந்து நடக்க இயலாமையா, கழுத்து வலியா என்பதைப் பொறுத்தே இலக்கு மாறும்.

பயனும் எல்லையும்

இச்சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதன்று. அதன் வளர்ச்சியைத் தடுப்பதாகவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அறிகுறிகளைத் தணித்துச் சில நல்ல ஆண்டுகளை மீட்டுத் தருவதே இதன் பயன். பார்க்கின்சன் நோயில், லெவோடோபா உட்கொண்டவுடன் நன்கு தேறுபவரே இச்சிகிச்சையாலும் தேறுவர். அதனால் முதல்நாள் இரவு முதல் மருந்தை நிறுத்திவைத்து, மறுநாள் மருந்து தந்து, இரு நிலைகளையும் மதிப்பெண் இட்டு ஒப்பிடும் சோதனை நடத்தப்படுகிறது. மருந்துக்கு இணங்கும் நடுக்கமும் விறைப்பும் குறையும். மருந்துக்கும் இணங்காத சமநிலைக் குறைவும் மறதியும் குறையா. மருந்துக்கு அடங்காத நடுக்கம் மட்டும் இவ்விதிக்கு விலக்கு.

அறுவையின்போது மூளையில் இரத்தக் கசிவு நேர்வது மிகச் சிலருக்கே எனினும் அது கடுமையானது. சீழ்ப்பிடித்தால் கருவியையே அகற்ற நேரலாம். மின்கலம் சில ஆண்டுகளில் தீரும். மின்னூட்டக்கூடிய வகைகள் பதினைந்து ஆண்டுகள் வரையிலோ அதற்கு மேலோ உழைக்கின்றன. செலவு பல இலட்ச ரூபாய் ஆதலின், அரசு உதவித் திட்டங்களைக் குறித்து முன்னரே விசாரித்தல் நலம்.

திருப்பூணித்துறையிலிருந்து இரயில் வழியே தெற்கே செல்வோர் அடையும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம் உள்ளது. 1980-ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்நிலையத்தில், இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்கி வருகிறது. நரம்பியல் மருத்துவர், அறுவை நிபுணர், மனநல ஆய்வாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் ஆகியோர் கூடி ஆராய்ந்து, இவருக்கு அறுவை வேண்டுமா, வேண்டுமாயின் எங்கே என்று முடிவு செய்வதே சிறந்த மருத்துவ நிலையங்களின் வழக்கம்.

களப் பணியாளர் கவனத்துக்கு

நடுக்கமுள்ள ஒருவரைக் கண்டால் செய்யத்தக்க எளிய சோதனைகள் சில உண்டு. கைகளை மடியில் தளர வைத்து, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்ல வேண்டும். அப்போது கை ஆடினால் அது ஓய்வு நடுக்கம். பின்னர் கைகளை முன்னே நீட்டச் சொல்லி, தண்ணீர் நிறைந்த குவளையை எடுத்துப் பருகச் செய்ய வேண்டும். அப்போது ஆடினால் செயல் நடுக்கம். இரண்டும் உண்டாயின், அவ்வாறே இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைவாகத் தட்டச் சொன்னால், தட்டும் அகலம் வரவரக் குறைகிறதா என்றும் காண வேண்டும். எந்த மாற்றம் எந்த ஆண்டில் தொடங்கிற்று என்று வீட்டாரைத் தனித்தனியே கேட்டெழுதும் குறிப்பு, விலையுயர்ந்த படப்பிடிப்பை விடவும் சில வேளை பயன் தரும்.

உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் பட்டியலிடுதல் வேண்டும். தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், புளூனரிசின், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை பார்க்கின்சன் நோயைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கும். வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டு நடுக்கம் தரும். எனினும் மருத்துவரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்தச் சொல்லலாகாது.

கருவி பதிக்கப்பெற்றவருக்கு, மூட்டு வலிக்கென வழங்கும் டயாதெர்மி என்னும் மின்னலை வெப்பச் சிகிச்சை அறவே கூடாது. அவ்வெப்பம் மின்முனை வழியே மூளையைப் பொசுக்கி உயிருக்கே ஊறு செய்யக்கூடும். கருவிக்குரிய அடையாள அட்டையை அவர் எப்போதும் உடன்வைத்திருத்தல் வேண்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு

கையெழுத்தை ஆசிரியரைப் போல் அறிந்தவர் எவருமிலர். பார்க்கின்சன் நோயில் எழுத்து வரியின் இறுதியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்லும். பரம்பரை நடுக்கத்தில் எழுத்து பெரிதாகவும் கோடுகள் அலையலையாகவும் இருக்கும். தசை முறுக்கத்தில் எழுத்தைவிடப் பேனா பிடிக்கும் முறையே விபரீதமாகத் தோன்றும். ஒரு வட்டச் சுருளை வரையச் சொன்னால் இவ்வேறுபாடுகள் விளங்கும். பழைய வருகைப் பதிவேடும் கடிதமும் இருப்பின், இன்றைய எழுத்தோடு ஒப்பிட்டுக் காணலாம்.

மாணவரிடையே நன்றாக எழுதிவந்த ஒருவரின் கையெழுத்து சில மாதங்களில் சிதைந்து, நடுக்கமும் முறுக்கமும் பேச்சுக் குழறலும் சேர்ந்து தோன்றினால், அதனைச் சோம்பல் என்று தண்டிப்பது பெருந்தவறு. உடலில் தாமிரம் தேங்குவதால் உண்டாகும் வில்சன் நோய் இவ்வாறு தொடங்கலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்துகளாலேயே கட்டுப்படுத்தத்தக்க நோய் இது. இதற்கு மூளையில் கம்பி தேவைப்படுவது அரிது.

திருப்பூணித்துறை ஆசிரியருக்கு மகளோ மாணவரோ இருந்து, “ஐயா, வில் பிடிக்கும்போது நடுங்குவது பழையது; மடியில் ஆடுவது புதியது அல்லவா?” என்று ஒரு நாள் கேட்டிருந்தால், அவர் மருத்துவமனையை அடையும் காலம் சில ஆண்டுகள் முந்தியிருக்கும். முதலில் மருந்துகளே போதியனவாக இருந்திருக்கும். பின்னாளில் கம்பி தேவைப்பட்டாலும், அதனை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவரின் கையில், இரு நடுக்கங்களும் தொடங்கிய ஆண்டுகளைத் தனித்தனியே குறித்த ஒரு தாள் இருந்திருக்கும்.